இலக்கு யாருடையது?

மூன்றாம் ஆண்டின் முடிவில், ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் என் அரையாண்டு அறிக்கையை வைத்துவிட்டு அமர்ந்திருந்தேன். நான்கு பக்க அறிக்கை. படித்த நூல்கள், பார்த்த கோப்புகள், பங்கேற்ற கருத்தரங்குகள் அனைத்தும் அதில் வரிசையாக இருந்தன. குழுவிலிருந்த வேறு துறைப் பேராசிரியர் ஒருவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "அடுத்த ஆறு மாதத்துக்கு உங்கள் இலக்கு என்ன?" என்று கேட்டார்.

"ஆய்வேட்டை விரைவில் முடிப்பது, சார்."

"அது பல்கலைக்கழகத்தின் இலக்கு. உங்களுடையதைக் கேட்டேன்."

என்னிடம் விடை இல்லை. சிறிது அமைதிக்குப் பின் என் நெறியாளர் ஏதோ சொல்லிச் சூழலைக் காத்தார். படிவத்தில் 'முன்னேற்றம் திருப்திகரம்' என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். மூன்று ஆண்டுகளில் ஓர் இயல்கூட முழுமையாக எழுதி முடிக்காத ஒருவனைப் பற்றிய மதிப்பீடு அது. அன்றிரவு விடுதி அறையில், சேர்க்கையின்போது நான் கொடுத்த ஆய்வு முன்வரைவை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் ஐந்தாண்டுக் கால அட்டவணை ஒன்று இருந்தது. முதலாண்டு பாடநெறி, இரண்டாம் ஆண்டு தரவு திரட்டல், மூன்றாம் ஆண்டு பகுப்பாய்வு என்று ஒழுங்காகக் கட்டம் போட்டிருந்தது. அந்த அட்டவணை எனக்கு மூத்த ஆய்வாளர் ஒருவரிடமிருந்து நான் பெற்றது. அவர் வேறொருவரிடமிருந்து பெற்றிருந்தார். தலைப்பை மட்டும் மாற்றியிருந்தோம்.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. சென்ற வாரம் எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ் மாணவி ஒருவர் கேட்டார்: "அண்ணா, அஞ்சு வருஷத்துக்கு ஒரு டைம்லைன் கேக்குறாங்க. உங்களோடத அனுப்புறீங்களா?" அனுப்புவதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அனுப்ப மனம் வரவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஆய்வாளர்களாகிய நாம் இலக்கு என்று எழுதி வைப்பவற்றுள் பெரும்பாலானவை பிறருடைய முடிவுகள். 'ஐந்தாண்டில் பட்டம்', 'நல்ல ஆய்விதழில் இரண்டு கட்டுரைகள்', 'முப்பத்திரண்டு வயதுக்குள் உதவிப் பேராசிரியர் பணி' ஆகிய இவற்றை நிறைவேற்றும் அதிகாரம் தேர்வாளரிடமும் இதழாசிரியரிடமும் தேர்வுக்குழுவிடமும் இருக்கிறது. இவற்றை விரும்புவதில் பிழையில்லை. ஆனால் விருப்பத்தை இலக்காகக் கருதிக் காத்திருக்கும்போது, நம் கையில் உண்மையிலேயே இருக்கும் நாட்கள் நமக்குத் தெரியாமலே கழிந்துவிடுகின்றன.

முதலில் அந்த நாட்களை எண்ணிப் பார்ப்போம்.

இளநிலை ஆய்வு உதவித்தொகை இரண்டு ஆண்டுகள், அதன்பின் முதுநிலை மூன்று ஆண்டுகள். ஆக 60 மாதங்கள். 2023 ஜனவரி முதல் மாதத்துக்கு 37,000 ரூபாயும் பின்னர் 42,000 ரூபாயும் என்று தொகை உயர்ந்ததே தவிர, மாதங்களின் எண்ணிக்கை மாறவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ஆய்வுக் காலத்தின் உச்சவரம்பு ஆறு ஆண்டுகள். மறுபதிவின் வழியே மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கலாம். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் கொண்டோருக்கும் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் உண்டு. இந்த எண்களைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் காலம் தாராளமாக இருப்பதாக எண்ணுகிறார்கள். ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு பதிவு இருக்கும், பணம் இருக்காது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத உதவித்தொகையாக மாதம் 8,000 ரூபாய் பெறும் தோழர்களுக்கு இந்தக் கணக்கு தொடக்கத்திலிருந்தே கடுமையானது.

60 மாதங்களில் பாடநெறியும் முன்வரைவு ஏற்பும் ஓராண்டை எடுத்துக்கொண்டால் மீதி 48. இறுதியில் முன்சமர்ப்பிப்பு உரை, ஒப்புமைச் சோதனை, திருத்தங்கள், நிலுவையின்மைச் சான்றுக்கான கையொப்பங்கள் ஆகியவற்றுக்கு ஆறு மாதம் ஒதுக்கினால் 42. என்னைப் போல ஆவணக் காப்பகத்தை நம்பி ஆய்வு செய்பவருக்குத் தரவு திரட்ட ஓராண்டு. மீதி 30 மாதங்கள். ஐந்து இயல்கள் என்றால் ஓர் இயலுக்கு ஆறு மாதம். இதில் காய்ச்சலும் உண்டு, வீட்டில் நிகழும் மருத்துவமனை நாட்களும் உண்டு, தங்கையின் திருமணமும் உண்டு, உதவித்தொகை வந்து சேராத மாதங்களில் கடன் கேட்டு அலையும் நாட்களும் உண்டு. இந்தக் கணக்கை நான் முதன்முதலாகப் போட்டது மூன்றாம் ஆண்டின் இறுதியில். முதலாண்டில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாட்கள் எங்கே போகின்றன என்பதாவது தெரிந்திருக்கும்.

நம்முடைய கணிப்புகள் பொய்ப்பது நம் சோம்பலால் மட்டும் அன்று. 1994இல் பியூலர், கிரிஃபின், ராஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வொன்று நம் நிலைமைக்கு மிக அருகில் இருப்பது. இளநிலை ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி விடை ஏறத்தாழ 34 நாட்கள். எல்லாம் மிக மோசமாகப் போனால் எத்தனை நாள் என்றும் கேட்டார்கள். சராசரி 49 நாட்களை ஒட்டி வந்தது. உண்மையில் அவர்களுக்குத் தேவைப்பட்டது 55 நாட்களுக்கும் மேல். மோசமான நிலையைக் கற்பனை செய்து சொன்ன கணக்கே போதவில்லை. எதிர்காலத்தைத் திட்டமிடும்போது நாம் பணியை மட்டும் பார்க்கிறோம். பணிக்கு இடையே வாழ்க்கை நிகழும் என்பதைப் பார்ப்பதில்லை. அதனால் 'விரைவில் முடிப்பேன்' என்று நான் குழுவிடம் சொன்னது பொய்யன்று. அதை நானே முழுமையாக நம்பியிருந்தேன்.

இலக்கு நிர்ணயம் பற்றிய ஆய்வுகளைத் தொடங்கி வைத்தவர்களுள் முதன்மையானவர் எட்வின் லாக். 1968இல் வந்த அவருடைய கட்டுரையின் சாரம், 'உன்னால் முடிந்ததைச் செய்' என்று சொல்வதைவிடத் தெளிவான, சற்றுக் கடினமான இலக்கைத் தருவதே கூடுதல் பயன் தரும் என்பது. இதைக் களத்தில் சோதித்தவர் கேரி லேத்தம். 1975இல் அவரும் பால்டெஸும் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் ஓக்லஹோமா பகுதியில் மரத்தடி ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர்கள் சட்டம் அனுமதித்த எடையில் 60 விழுக்காடு அளவே ஏற்றிவந்தார்கள். 'முடிந்த அளவு ஏற்றுங்கள்' என்ற அறிவுரையால் பயனில்லை. 94 விழுக்காடு என்று இலக்கு வைத்ததும் சில மாதங்களில் அது 90 விழுக்காட்டை எட்டியது. ஊதியம் கூட்டப்படவில்லை.

மேலாண்மை வகுப்புகளில் இந்தக் கதை இத்துடன் முடிந்துவிடும். நமக்கு அடுத்த பகுதிதான் முக்கியம். லாரியில் எத்தனை மரத்தடி ஏற்றுவது என்பது ஓட்டுநரின் கையில் இருந்தது. எப்படி ஏற்றுவது என்று அவருக்கு முன்பே தெரியும். ஏற்றிய எடை அன்றன்றே எடைமேடையில் தெரிந்துவிடும். ஆய்வேடு எழுதுபவருக்கு இம்மூன்றும் இல்லை. எப்படிச் செய்வது என்று தெரியாத வேலையையே நாம் செய்கிறோம். தெரிந்திருந்தால் அது ஆய்வாக இராது. இதை லேத்தமும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் பின்னாளில் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். புதிய, சிக்கலான பணியில் 'இவ்வளவு முடிக்க வேண்டும்' என்ற முடிவு இலக்கு பதற்றத்தைத் தந்து திறனைக் குறைக்கக்கூடும்; அங்கே 'இதைச் செய்யும் வழியைக் கற்க வேண்டும்' என்ற கற்றல் இலக்கே உதவும்.

எனக்கு இது வெறும் கோட்பாடு அன்று. நான் ஆய்வு செய்வது 1876–78 பெரும்பஞ்சக் காலத்தில் பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதியை. அரசின் ஆங்கிலக் கோப்புகளை எல்லோரும் படிக்கலாம். ஊர் நிலைப் பதிவுகள் பலவும் மோடி என்ற எழுத்தில் உள்ளன. மராத்தியை விரைந்து எழுதுவதற்குப் பயன்பட்ட பழைய கையெழுத்து வடிவம் அது. மூன்று ஆண்டுகளாக 'இரண்டாம் இயலை முடிப்பது' என்று என் அறிக்கைகளில் எழுதிவந்தேன். இரண்டாம் இயல் முடியாததற்குக் காரணம், அதற்கு வேண்டிய எழுத்தை எனக்குப் படிக்கத் தெரியாது என்பதே. இதை ஒருமுறைகூட ஓர் அறிக்கையிலும் நான் எழுதவில்லை. எழுதினால் இயலாமையை ஒப்புக்கொள்வதாகும் என்று அஞ்சினேன்.

குழுவின் முன் வாயடைத்து நின்ற நாளுக்குப் பிறகு என் முதல் இலக்கை இப்படி எழுதினேன்: 'டிசம்பர் இறுதிக்குள், அகராதியும் எழுத்து அட்டவணையும் பக்கத்தில் இருக்க, மோடியில் எழுதப்பட்ட ஒரு பக்கத்தை ஒரு நாளில் படித்து முடிக்கும் நிலையை அடைவது. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 முதல் 8 வரை, நூலகம் திறக்கும் முன், விடுதி வாசிப்பறையில்.' இதில் பட்டமும் இல்லை, கட்டுரையும் இல்லை. ஆனால் இதை யாரும் ரத்து செய்ய முடியாது. யாருடைய கையொப்பத்துக்கும் இது காத்திருக்கவில்லை. எப்போது, எங்கே, எதைச் செய்வது என்று முன்னரே முடிவு செய்தவர்கள் வெறும் எண்ணத்தோடு நிற்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை 1990களில் பீட்டர் கோல்விட்ஸர் காட்டினார். காலை ஏழு மணி என்பதன் வலிமையை நான் என் அனுபவத்தில் அறிந்தேன்.

ரத்து என்ற சொல்லைக் காரணத்தோடுதான் பயன்படுத்துகிறேன். 2024 ஜூன் 18 அன்று நாடெங்கும் நெட் தேர்வு நடந்தது. 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். அவ்வாண்டு முதல் அத்தேர்வின் மதிப்பெண் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் உரியதாகியிருந்தது. மறுநாளே கல்வி அமைச்சகம் தேர்வை ரத்து செய்தது. மறுதேர்வு ஆகஸ்ட் 21 தொடங்கி செப்டம்பர் 4 வரை நடந்தது. எங்கள் விடுதியில் என் பக்கத்து அறைத் தம்பி அந்த இரண்டு மாதங்களில் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியாமல் கிடந்தார். 'ஜேஆர்எஃப் வாங்குவது' என்ற ஒற்றை இலக்கை அவர் கையிலிருந்து யாரோ பிடுங்கிவிட்டார்கள்.

ஆய்விதழ்களின் கதையும் இதுவே. 2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரை வெளியிட வேண்டும், இரண்டு கருத்தரங்குகளில் உரை வழங்க வேண்டும் என்றன. 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் அந்தக் கட்டாயம் இல்லை. தரமான இதழ்களை அடையாளம் காண 2018இல் மானியக் குழு தொடங்கிய 'கேர்' பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 'கேர் பட்டியலில் உள்ள இதழில் இரண்டு கட்டுரைகள்' என்பதை இலக்காக எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தவர்களை நான் அறிவேன். பட்டியலே போய்விட்டது. அந்தக் கட்டுரைகளுக்காகக் கற்ற வாதிடும் முறையும், தேடிச் சேர்த்த தரவும், திருத்தித் திருத்தி எழுதிய பழக்கமும் போகவில்லை. எது நம்முடையது என்பதை இந்த மாற்றங்களே பிரித்துக் காட்டுகின்றன.

எண்ணையே இலக்காக்கினால் நேரும் கேட்டை நம் உயர்கல்வி ஏற்கெனவே அனுபவித்திருக்கிறது. 2010இல் ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் கல்விசார் செயல்திறன் மதிப்பெண் முறை வந்தது. கட்டுரைக்கு இத்தனை புள்ளி, கருத்தரங்குக்கு இத்தனை புள்ளி என்று கணக்கிட்டார்கள். புள்ளி வேண்டியோர் பெருகியதும் பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களும் பெருகின. அந்தக் காலத்தில் கட்டுரை எழுதிய எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். பலர் தங்களுக்குத் தரப்பட்ட இலக்கை நேர்மையாக எட்டினார்கள். இலக்கே தவறான இடத்தில் நடப்பட்டிருந்தது.

ஆகவே நான் இப்போது பின்பற்றும் முறை மிக எளியது. ஒரு தாளை மூன்றாகப் பிரிக்கிறேன். முதல் பகுதியில் என் உழைப்பால் மட்டுமே முடியக்கூடியவை. இரண்டாம் பகுதியில் பிறரிடம் கேட்டுப் பெற வேண்டியவை. மூன்றாம் பகுதியில் நான் விரும்புவன, ஆனால் என் முடிவுக்கு உட்படாதவை. சென்ற அரையாண்டுக்கான என் தாளில் முதல் பகுதியில் இருந்தவை: மூன்றாம் இயலின் முதல் வரைவு, 9,000 சொற்கள், மார்ச் 31க்குள்; மோடியில் வாரம் மூன்று பக்கங்கள்; ஒரு தரவு அட்டவணையைக் கணினி நிரலின் உதவியோடு தயாரிக்கக் கற்பது. இரண்டாம் பகுதியில் இருந்தவை: வரைவு கொடுத்த 30 நாட்களுக்குள் நெறியாளரின் கருத்து, மும்பைப் பயணத்துக்குத் துறையின் பரிந்துரைக் கடிதம். மூன்றாம் பகுதியில் இருந்தது ஒன்றே: அனுப்பிய கட்டுரையை இதழ் ஏற்பது.

மூன்றாம் பகுதியை நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறேன். முதல் பகுதியை ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிறேன். ஆனால் என் வாழ்வில் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது இரண்டாம் பகுதி. அதைச் சொல்வதற்கு முன் ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும்.

இந்தப் பேச்சை அண்மையில் தேநீர்க் கடையில் தொடங்கியபோது தோழர் ஒருவர் கோபப்பட்டார். "இலக்கு, சுயவளர்ச்சி எல்லாம் கம்பெனிக்காரன் மொழி. ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாத அரசு, உதவித்தொகையைக் காலத்தில் தராத நிர்வாகம், வரைவைப் படிக்காத நெறியாளர், இவர்களையெல்லாம் விட்டுவிட்டு, காலையில் ஏழு மணிக்கு எழுந்திரு என்று ஆய்வாளனுக்கு உபதேசம் செய்கிறாயா?" என்று கேட்டார்.

அவருடைய கோபத்தில் நியாயம் உண்டு. இந்த மொழி நிறுவனங்களிலிருந்து வந்ததே. பீட்டர் டிரக்கர் 1954இல் இலக்குவழி மேலாண்மையைப் பேசினார். இன்று ஒவ்வொரு பயிலரங்கிலும் ஓதப்படும் 'ஸ்மார்ட்' என்ற ஐந்தெழுத்துச் சூத்திரம் ஜார்ஜ் டோரன் 1981இல் மேலாளர்களுக்காக எழுதியது. வகுப்பறையும் ஆய்வுக்கூடமும் தொழிற்சாலை அல்ல. மேலும், எல்லோருக்கும் காலை ஏழு மணி ஒன்றாக இருப்பதில்லை. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நூலகம் வரும் ஆய்வாளருக்கும், தன் உதவித்தொகையில் பாதியை ஊருக்கு அனுப்பும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கும், துறையில் தம் சாதியின் காரணமாக நெறியாளரின் நேரத்தையே கெஞ்சிப் பெற வேண்டியிருப்பவருக்கும் முன்னால் என் தாளை மாதிரியாக நீட்ட எனக்கு உரிமை இல்லை. ஒழுங்கும் உழைப்பும் எல்லாவற்றையும் வென்றுவிடும் என்று நான் நம்பவில்லை.

ஆனால் அந்தத் தோழரிடம் நான் ஒன்று கேட்டேன். நிர்வாகம் தன் கடமையைச் செய்யவில்லை என்பதை எதைக் கொண்டு நிறுவுவது? ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வாளர் ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தை வைக்க வேண்டும். முன்னேற்றம் போதாதென்றால் குழு காரணத்தைப் பதிவு செய்து, திருத்த வழிகளைச் சொல்ல வேண்டும். குழுவுக்கும் பொறுப்பு இருக்கிறது. 'தரவு திரட்டப்பட்டு வருகிறது' என்று நாமே மழுப்பி எழுதும்போது, 'திருப்திகரம்' என்று எழுதித் தப்பிக்கும் வாய்ப்பை அவர்களுக்கு நாமே தருகிறோம். 'மூன்றாம் இயலின் வரைவு இந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது. 30 நாட்களில் கருத்துக் கோரப்பட்டது. 94 நாட்கள் ஆகின்றன' என்று எழுதினால் அதற்கு விடை சொல்லியாக வேண்டும். தெளிவாக எழுதிய இலக்கு ஒரு மனுவாகவும் ஆகிறது. நம் தரப்பை முடித்துவிட்டோம் என்று காட்டிய பிறகுதான் எதிர்த்தரப்பின் கடன் கண்ணுக்குத் தெரிகிறது.

இதை நான் என் நெறியாளரிடம் செய்து பார்த்தேன். எதிர்ப்பாக அன்று, அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஒரு பேராசிரியர் எட்டு ஆய்வாளர்கள் வரை வழிநடத்தலாம். அதற்கு மேல் வகுப்புகள், தேர்வுகள், நிர்வாகக் குழுக்கள். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதை அவர் நினைவில் வைத்திருப்பார் என்று மூன்றாண்டுகள் எதிர்பார்த்தது என் பேதைமை. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை ஒரு பக்கக் கடிதம் எழுதத் தொடங்கினேன். செய்தது என்ன, அடுத்துச் செய்யப்போவது என்ன, அவரிடம் வேண்டுவது என்ன. மூன்றே பத்தி. முதல் இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை. மூன்றாவது கடிதத்தில், மோடி எழுத்து தெரியாததால்தான் இரண்டாம் இயல் நிற்கிறது என்று எழுதினேன். எழுதிவிட்டு அனுப்பும் முன் நெடுநேரம் யோசித்தேன்.

மறுநாள் அழைத்தார். "இதை மூணு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே. புனேயில் இதற்குப் பயிற்சி தருகிறார்கள், எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்" என்றார். திட்டவில்லை. சற்று வருந்தினார் என்றே தோன்றியது. "உங்க ஊர்ல தஞ்சாவூர் மராத்தியர் ஆவணங்களும் மோடியில்தானே இருக்கு. இந்த எழுத்து தெரிந்தவர்கள் அங்கே எத்தனை பேர்?" என்றும் கேட்டார். அந்தக் கேள்வி என் எதிர்காலத்தைப் பற்றிய சிந்தனையையே திருப்பியது.

பணிவாழ்வு என்றால் உதவிப் பேராசிரியர் பணி மட்டுமே என்று எண்ணிப் பழகியிருக்கிறோம். 2021–22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருந்தோர் 2 லட்சத்துக்கும் மேல். 2014–15இல் அது 1.17 லட்சம். இத்தனை பேரும் வந்து நிற்கும் வாயிலில் 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், ஸ்லெட் அல்லது செட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி, முனைவர் பட்டம் கட்டாயமன்று என்றும் ஆயிற்று. வாயில் எப்போது திறக்கும், யாருக்குத் திறக்கும் என்பது நம் தாளின் மூன்றாம் பகுதியைச் சேர்ந்தது. ஆனால் ஆய்வின்போது நாம் பெறும் திறன்கள் முதல் பகுதியைச் சேர்ந்தவை. பழைய எழுத்தைப் படிப்பது, ஆவணங்களைப் பட்டியலிடுவது, இரண்டு மொழிகளுக்கிடையே பெயர்ப்பது, புள்ளிவிவரத்தைக் கையாள்வது, சிக்கலான ஒன்றை மாணவருக்கு விளங்கச் சொல்வது ஆகிய ஒவ்வொன்றுக்கும் காப்பகங்களிலும் பதிப்பகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் பள்ளிகளிலும் தேவை இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு புதிய திறனையாவது பெயர் சொல்லி இலக்காக எழுதியவர், பட்டம் கையில் வரும்போது பட்டத்தை மட்டும் ஏந்தி நிற்க மாட்டார்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. எங்கள் துறையில் மூத்த ஆய்வாளர் ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் தீதி என்றே அழைப்போம். எனக்கு இந்தி சரியாக வராத முதல் ஆண்டில், அலுவலகத்துக்கு என்னோடு வந்து படிவங்களை நிரப்பிக் கொடுத்தவர். ஆவணங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எங்கள் தலைமுறையில் எவருக்கும் தெரியாது. நான்கு இயல்கள் எழுதியிருந்தார். ஐந்தாவது இயலை மனத்துக்கு நிறைவாக எழுத வேண்டும் என்று காத்திருந்தார். உதவித்தொகை முடிந்தது. ஆறாம் ஆண்டில் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு மே மாதம் அறையைக் காலி செய்துவிட்டுப் போனார். இன்று தன் ஊரில் பள்ளி ஆசிரியர். நல்ல ஆசிரியர் என்று கேள்விப்படுகிறேன். அதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நான்கு இயல்களை உலகம் படிக்கவில்லை. அவருடைய பத்து அரையாண்டு அறிக்கைகளிலும் 'திருப்திகரம்' என்றே எழுதியிருந்தது என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். ஐந்தாவது இயல் இல்லாமலே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியுமா என்று அவரும் கேட்கவில்லை, மற்றவரும் கேட்கவில்லை. நான் நகலெடுத்த ஐந்தாண்டு அட்டவணை அவருடையது.

என் நிலையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போது ஐந்தாம் ஆண்டில் இருக்கிறேன். சென்ற அரையாண்டுத் தாளின் முதல் பகுதியில் இருந்த மூன்றில் இரண்டு முடிந்தன. மூன்றாம் இயலின் வரைவு மார்ச் 31இல் முடியவில்லை, மே மாத நடுவில் முடிந்தது. கணினி நிரல் கற்பது அடுத்த தாளுக்குப் போயிருக்கிறது. கட்டுரையை இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. மோடியில் ஒரு பக்கத்தை இப்போது ஒரு காலையில் படிக்கிறேன். சென்ற மாதம் நிவாரண வேலைக்கு வந்தோரின் பெயர்ப் பட்டியல் ஒன்றைப் படித்தேன். கணவன் பெயர் இல்லாமல், குழந்தைகளின் எண்ணிக்கை மட்டும் குறித்த பெண்களின் பெயர்கள் ஒரு பக்கம் முழுதும் இருந்தன. இரண்டாம் இயல் அங்கிருந்துதான் தொடங்கப்போகிறது.

புதிதாகச் சேர்ந்திருப்போர்க்கு என் வேண்டுகோள்: அட்டவணையை யாரிடமும் கடன் வாங்காதீர்கள். 60 மாதங்களை நீங்களே கழித்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாதது எது என்பதை முதலில் எழுதுங்கள். அதை உங்கள் நெறியாளரிடம் முதலாண்டிலேயே சொல்லுங்கள். நெறியாளர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் பணிவான வேண்டுகோள்: 'திருப்திகரம்' என்று எழுதும் முன், அடுத்த ஆறு மாதத்தில் இந்த ஆய்வாளர் எதைக் கற்கப்போகிறார், அதற்கு நாம் எதைத் தரப்போகிறோம் என்ற இரண்டு வரிகளையும் அதே படிவத்தில் எழுதுங்கள். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட பேராசிரியரிடம் இன்றுவரை நன்றி சொல்லவில்லை. அடுத்த குழுக் கூட்டம் வரும் மாதம். என் தாளோடு போகிறேன்.

அந்த மாணவிக்கு என் பழைய அட்டவணையை அனுப்பவில்லை. வெற்றுத்தாளை மூன்றாக மடித்துக் கொடுத்திருக்கிறேன். உங்கள் தாளின் இரண்டாம் பகுதியில், அதாவது பிறரிடம் கேட்க வேண்டியும் இன்னும் கேட்காமல் வைத்திருப்பவற்றுள், முதலில் எது வரும்? இயன்றவர்கள் கீழே எழுதுங்கள். புதியவர்களுக்கு அது பயன்படும்.